மூணு வரி வீரம்

சி-யில எந்த வகை அர்ரேயையும் தலைகீழா திருப்பிப் போடுற ஜெனரிக் ஃபங்ஷனை மூணே வரியில எழுதிட்டு காலரைத் தூக்கி விட்டுக்கறவங்க எல்லா டீம்லயும் ஒருத்தராவது இருப்பாங்க. எங்க டீம்லயும் ஒருத்தர் இருக்கார். அந்த மூணு வரி போன வாரம் ரிவ்யூவுக்கு வந்துச்சு. அதைப் பத்தின புலம்பல்தான் இது. (சி பிடிக்காதவங்க இப்பவே அப்பீட்டு ஆகிக்கலாம் :-))

வாய்ட் பாயிண்டரா வாங்கினா உள்ள இருக்கறது இன்ட்டா ஸ்ட்ரக்ட்டான்னு கம்பைலருக்குத் தெரியாது. மொத்தம் எத்தனை, ஒவ்வொண்ணும் எத்தனை பைட்டுன்னு நாமதான் சொல்லணும். நம்மாளு அதுக்கு வெச்ச பேரு என், எஸ். எதை எதோட பெருக்கறார்னு பேப்பர்ல படம் போட்டுத்தான் கண்டுபிடிச்சேன். க்யூசார்ட்ல பேஸ், எண்ணிக்கை, அளவுன்னு எல்லாருக்கும் பழகின ஒரு வரிசை இருக்கு. அதையே வெச்சா என்ன குறைஞ்சுடும்? வாய்ட் பாயிண்டர்லயே நேரடியா கூட்டறது வேற. அது ஜிசிசி குடுக்கற சலுகை, ஸ்டாண்டர்டுல கிடையாது. முதல் வரியிலயே அன்சைன்ட் கேர் பாயிண்டரா மாத்திக்கிட்டா வேலை முடிஞ்சுது.

அடுத்து அந்த எக்ஸார் ஸ்வாப். டெம்பரரி வேரியபிளே வேண்டாமாம்! ஆனா ரெண்டு பக்கமும் ஒரே இடமா இருந்தா எக்ஸார் அதைப் பூஜ்யமாக்கிடும். அவரோட லூப் கண்டிஷன்ல 'சின்னது அல்லது சமம்'னு இருக்கு. நாலு எலிமென்ட் குடுத்தா ஒழுங்கா திருப்பும். அஞ்சு குடுத்தா நடுவுல இருக்கற மூணாவது காலி. அவர் எழுதின டெஸ்ட் கேஸ் எல்லாமே இரட்டைப்படை!

காலி அர்ரே வந்தா இன்னும் கூத்து. சைஸ்-டி அன்சைன்ட், அதனால பூஜ்யத்துலேர்ந்து ஒண்ணைக் கழிச்சா 64 பிட் மெஷின்ல 18446744073709551615 வரும். அந்த இன்டெக்ஸை வெச்சு மெமரியைத் தொட்டா கதை கந்தல்.

நான் கேட்டது ரொம்ப சிம்பிள். பைட் பைட்டா மாத்தற வேலையை ஸ்வாப்னு தனி ஃபங்ஷனாக்குங்க. லூப்பை எண்ணிக்கையில பாதி வரைக்கும் ஓட்டுங்க. அஞ்சுல பாதி ரெண்டு, நடு எலிமென்டை யாரும் தொட மாட்டாங்க. பூஜ்யத்துல பாதி பூஜ்யம், லூப்பே ஓடாது. கமெண்ட் எழுதாமலே புரியும்.

"ஃபங்ஷன் கால் செலவு?"ன்னார். இந்த மாதிரி குட்டி ஸ்டாட்டிக் ஃபங்ஷனை ஆப்டிமைசேஷன் போட்டா கம்பைலரே பொதுவா இன்லைன் பண்ணிடும் சாமி.

அந்த மாட்யூலை அடுத்த மாசம் எடுத்துக்கப் போறது போன வருஷம் காலேஜ் முடிச்ச ரெண்டு பசங்க. இன்னும் நான் அப்ரூவல் குடுக்கலை.