விலை ஒன்றுதான், வாத்தியார்தான் வேறு

அமெரிக்கக் கால்பந்து அணியான கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் நான்கு வருட இடைவெளியில், கிட்டத்தட்ட ஒரே விலைக்கு இரண்டு குவார்ட்டர்பேக்குகளை (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்களை) வாங்கியது. 2009இல் மேட் கேசல், 2013இல் அலெக்ஸ் ஸ்மித். கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் டிராஃப்ட்டில், இரண்டு முறையும் தன் 34ஆவது இடத்தை விட்டுக்கொடுத்தது. ஸ்மித்துக்கு மறுவருடத் தேர்வு ஒன்றும் கூடுதல். கேசலோடு மைக் வ்ரேபல் என்ற வீரரும் சேர்ந்து வந்தார். இருவருமே பழைய அணியில் பெஞ்சுக்குப் போகவேண்டிய நிலையில் இருந்தவர்கள். இரண்டு முறையும் பயிற்சியாளர் புதியவர். கேசலை விரட்டினார்கள், ஸ்மித்தைக் கொண்டாடினார்கள். ஆளுக்கு ஆள் திறமை வேறு என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேசல் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கியதில்லை. 2008 சீசனின் முதல் ஆட்டத்திலேயே, அவர் இருந்த பேட்ரியாட்ஸ் அணியின் முதன்மை குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் முழங்கால் போனதும் அவருக்கு வாய்ப்பு வந்தது. (பிரேடிமேல் மோதியவர் சீஃப்ஸ் வீரர் என்பது வேடிக்கை.) அந்த வருடம் பேட்ரியாட்ஸ் 16 ஆட்டங்களில் 11 வென்றது. அங்கிருந்து சீஃப்ஸுக்கு மேலாளராக வந்த ஸ்காட் பியோலி, பழகிய பையன் என்று கேசலைக் கூட்டிக்கொண்டார்.

புதுப் பயிற்சியாளர் டாட் ஹேலி, சீசன் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது தாக்குதல் ஆட்டத்தை வகுப்பவரை வெளியே அனுப்பிவிட்டுத் தானே அதை எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் அந்தப் பொறுப்புக்குச் சார்லி வைஸ் வந்தார். கேசல் 27 டச்டவுன் வீசினார், எதிரணியிடம் பறிகொடுத்தது ஏழே ஏழு. வைஸ் ஒரே வருடத்தில் கிளம்பினார். நான்கு வருடத்தில் நான்கு வாத்தியார், நான்கு பாடத்திட்டம். எந்தப் பையன் தேறுவான்?

அப்போது நான் பக்கத்து ஓவர்லேண்ட் பார்க்கில் வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஆனால் அலுவலகமே சீஃப்ஸின் சிவப்புச் சட்டை போடும். 2012இல் அந்தச் சட்டைகளும் குறைந்துபோயின. அந்த அக்டோபரில், சீஃப்ஸின் ஆரோஹெட் மைதானத்தில் கேசல் தலையில் அடிபட்டு விழுந்தபோது ரசிகர்களில் சிலர் கைதட்டினார்கள். சக வீரர் எரிக் வின்ஸ்டன் ஆட்டம் முடிந்ததும் அவர்களைக் காறித் துப்பாத குறையாகத் திட்டினார். மறுநாள் பக்கத்து மேசை நண்பர், "இருந்தாலும் அவன் சரியில்லைப்பா" என்றார். அன்று நான் சாப்பாட்டுக்கு அவருடன் போகவில்லை.

ஸ்மித் கதைக்கு வருவோம். 2012 அக்டோபர் கடைசியில், தன் பழைய அணிக்காக அரிசோனாவுக்கு எதிராக 19 வீச்சில் 18ஐச் சேர்த்தவர், அடுத்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டு வெளியேறினார். குணமாகி வருவதற்குள் அந்த இடம் சக வீரர் காலின் கேபர்னிக்குடையது ஆகிவிட்டது. ஆண்டி ரீட் சீஃப்ஸுக்குப் பயிற்சியாளராக வந்ததும் ஸ்மித்தை வாங்கினார்கள். குறுகிய தூரத்துக்குத் துல்லியமாக, சீக்கிரமாக வீசுகிற ஆள்தான் ரீட்டின் ஆட்டத்துக்குத் தேவை. முந்தைய வருடம் இரண்டே வெற்றி கண்ட அணி, அந்த வருடம் 11 ஆட்டம் வென்றது. ஐந்து வருடமும் அதே ரீட், அதே ஆட்டமுறை. அதில் நான்கு முறை பிளேஆஃப்.

அணி மேலாளர்கள் மாற்று குவார்ட்டர்பேக்கை விலை பேசும்போது அவருடைய பழைய வீடியோக்களைத்தான் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார்கள். வாங்கும் பயிற்சியாளருக்கு இவரை வைத்து என்ன செய்யத் தெரியும், எத்தனை வருடம் இருக்க விடுவோம் என்பதை முதலில் முடிவு செய்யட்டும். அதற்கு வழியில்லாவிட்டால் அந்த 34ஆவது இடத்தில் ஒரு நல்ல தடுப்பாட்டக்காரரை எடுத்துக்கொண்டு போகட்டும். கேசல் விஷயத்தில் தோற்றது பியோலிதான், கேசல் அல்ல.