‘ஒன்றுமில்லை’ என்கிற பதில்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருவுக்கு ஒரு டாக்டராவது போர்டு மாட்டியிருக்கிறார். ஏழை ஜனங்களுக்கு அது பெரிய ஆறுதல் என்பதை நான் மறுக்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் ‘ஐந்து ரூபாய் டாக்டர்’ என்று பேர் வாங்கிய ஜெயச்சந்திரன் 2018-ல் காலமானார். வியாசர்பாடியில் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் ஆரம்பித்த திருவேங்கடம் 2020-ல் போய்ச் சேர்ந்தார். அவர்களைப் போன்றவர்கள் தொழில் செய்த வட்டாரத்தில் நின்றுகொண்டு டாக்டர்களோடு சண்டைக்குப் போவது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போகத்தான் வேண்டும்.

சண்டை ஒரு காகிதத்தைப் பற்றியது. இரத்தம் நம்முடையது. பரிசோதனைக்குக் கொடுத்த பணமும் நம்முடையது. முடிவு எழுதிய காகிதம் மட்டும் டாக்டருடைய மேஜை டிராயருக்குச் சொந்தம்! இப்போது பல இடங்களில் காகிதம்கூட இல்லை. லேபிலிருந்து டாக்டரின் கைபேசிக்கு வாட்ஸப்பில் வந்துவிடுகிறது. அவர் அதை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “ஒன்றுமில்லை, இந்த மாத்திரையைச் சாப்பிடு” என்கிறார். அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் ரிசல்ட்.

திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த ஃபிட்டர் ஒருவர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர். வருஷா வருஷம் பரிசோதனை செய்துகொள்கிறார். இந்தத் தடவை என்ன வந்தது என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லேன்னாரு சார்.”

“காகிதம் எங்கே?”

“அவராண்டதான் கீது.”

“கேட்டு வாங்குவதுதானே?”

“கேட்டேன் சார். உனுக்கு இன்னா புரியும்னாரு.”

என்ன புரியுமா? நான் கேட்கிறேன்: லேலண்டிலும் என்ஃபீல்டிலும் முப்பது வருஷம் மைக்ரோமீட்டர் பிடித்து, இரும்பை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சரிபார்த்தவர்கள் குடியிருக்கும் பேட்டை இது. துறைமுகத்தில் கிரேன் எத்தனை டன் தாங்கும் என்று பார்த்துத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஓர் எண்ணும், அதற்குப் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும் ‘இதற்குள் இருக்க வேண்டும்’ என்ற இன்னும் இரண்டு எண்களும் புரியாதா? வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 126-ஐத் தொட்டால் அது நீரிழிவு வியாதியின் எல்லை என்று ஒரு தடவை சொன்னால், ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள்.

‘ஒன்றுமில்லை’ என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை; ஆபத்தே அதில்தான் இருக்கிறது. கிரியேட்டினின் என்று ஒன்று பார்க்கிறார்கள். சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. ஒரு வருஷம் 0.8, பிறகு 1.0, பிறகு 1.2 என்று வந்தால் மூன்றுமே பெரும்பாலான லேப்களின் வரம்புக்குள்தான் அடங்கும். மூன்று தடவையும் ‘ஒன்றுமில்லை’தான். ஆனால் மூன்று காகிதங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள்: வடிகட்டும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருக்கலாம்! அதைக் கண்டுபிடிக்கப் பழைய காகிதம் வேண்டும். டாக்டர் டிராயரைக் குடைந்து அதைத் தேடி எடுப்பார் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

நோயாளி காகிதத்தைத் தொலைத்துவிடுவான் என்கிறார்கள். கஞ்சித் தொட்டி என்று நம் ஜனங்கள் சொல்லும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, துணிப்பையில் வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறார்கள். ரேஷன் கார்டுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

பயந்துவிடுவான் என்பது இன்னொரு வாதம். அறுபது பேர் வெளியே காத்திருக்கும்போது ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்பது நியாயந்தான். விளக்க நேரமில்லை, சரி, கொடுக்கவுமா நேரமில்லை? கையில் காகிதம் இருந்தால் அவன் இன்னொரு டாக்டரிடம் காட்டிவிடுவான் என்ற பயம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குறிப்பிட்ட லேபுக்குத்தான் போக வேண்டும் என்று சீட்டு எழுதுகிறவர்களுக்கு அந்தப் பயம் கொஞ்சம் அதிகம். அதற்குக் கமிஷன் வாங்குவது குற்றம் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷத்து விதிகளே சொல்கின்றன.

அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. நோயாளி தன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். இதை ஃபிட்டரிடம் சொல்லி அனுப்பினேன். போய்க் கேட்டார். இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. டிராயர் சாவியை வைத்திருக்கும் கம்பவுண்டர் ஊருக்குப் போயிருக்கிறாராம்.