ராங்க் கேட்பவனுக்கு யார் கவுன்சிலிங் கொடுப்பது?

நம் பிள்ளைகள் உயர்கல்வி நிறுவனத்தில் இறந்தால் உடனே ஒரு சொல் வந்து விழுகிறது: மன அழுத்தம். அதோடு கோப்பை மூடிவிடுகிறார்கள். அழுத்தியது யார் என்று கேட்பதில்லை.

2023 பிப்ரவரி 12 அன்று மும்பை ஐஐடியின் முதலாண்டு தலித் மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்தார். வயது 18. சாதிப் பாகுபாடுதான் காரணம் என்றது குடும்பம். நிறுவனம் அமைத்த விசாரணைக் குழுவோ, நேரடிச் சாதிப் பாகுபாட்டுக்குக் குறிப்பான ஆதாரம் இல்லை, படிப்பில் பின்தங்கியது காரணமாக இருக்கலாம் என்றது. அதே ஆண்டு ஜூலையில் அதே நிறுவனம், சக மாணவரிடம் ஜேஇஇ ராங்க் கேட்பது சரியல்ல, அது சாதியை அறியும் முயற்சியாகத் தோன்றலாம் என்று அறிவுறுத்தியது. இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து?

ஊரில் 'நீங்க எந்தத் தெரு?' என்று கேட்பவன்தான் வளாகத்தில் 'உன் ராங்க் என்ன?' என்கிறான். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. டெல்லி எய்ம்ஸ் விடுதியில் துன்புறுத்தல் தாங்காமல் தலித், பழங்குடி மாணவர்கள் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுங்க நேர்ந்ததை தோரட் குழு 2007இலேயே எழுதிவிட்டது. ஹைதராபாத்தில் உதவித்தொகையை நிறுத்தி, விடுதியிலிருந்து வெளியேற்றிய பிறகுதான் 2016இல் ரோஹித் வெமுலாவை இழந்தோம். சோறும் கூரையும் பறிக்கப்பட்டவனுக்கு மூச்சுப் பயிற்சியா சொல்லித்தருவீர்கள்?

நாம் மனநல சிகிச்சைக்கு எதிரிகள் அல்ல. தூக்கம் தொலைத்த பிள்ளைக்கு மருத்துவர் வேண்டும், தேவையென்றால் மாத்திரையும் வேண்டும். சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இன்றி அதைப் பெறுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. நாம் எதிர்ப்பது, 'கண்டுக்காதே, படிப்பைப் பார்' என்று சொல்லி அனுப்பும் கவுன்சிலிங்கை. அவமானத்துக்குப் பழகிக்கொள்ளச் சொல்வது சிகிச்சை ஆகாது.

நம் கோரிக்கை எளியது. ஆலோசகர்களில் தலித், பழங்குடியினர் இருக்க வேண்டும். ஆலோசனை அறையில் சொல்லப்படும் சாதிக் கொடுமை, மாணவர் சம்மதித்தால் புகாராகப் பதிவாக வேண்டும். 2012 யுஜிசி விதிமுறைகள் சொன்ன பாகுபாடு தடுப்பு அலுவலர் காகிதத்தில் அல்ல, நாற்காலியில் இருக்க வேண்டும். வன்கொடுமை தடுப்புச் சட்டம் வளாகத்தின் கேட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதை நிர்வாகங்கள் உணர வேண்டும்.

சோர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, குறை உங்களிடம் இல்லை. தனியாகச் சுமக்காதீர்கள். 14416க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். மருத்துவரைப் பாருங்கள், தோழர்களிடம் சொல்லுங்கள். நீங்கள் நலமாக இருந்து சண்டை போட வேண்டும்.

ஜெய்பீம்.