கானாவுக்கு மேடை, கானாக்காரருக்குப் பெரும்பாக்கமா?

தோழர்களே, 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. வாழ்த்துச் சொன்னவர்கள் மனதில் இருந்தது மயிலாப்பூர் சபாக்கள்தான். கால்வாய் ஓரத்துச் சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவரை யார் நினைத்தார்கள்?

இப்போது கானாவுக்கும் மவுசு வந்துவிட்டது. தேவா அதை சினிமாவுக்குக் கொண்டுபோனார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. அந்த மேடை நம் அரசியல், அதில் எனக்குச் சண்டையில்லை. அதே பாட்டுக்கு ரீல்ஸ் போட்டுவிட்டு, குடிசைகள் இடிபடும்போது 'ஊர் சுத்தமாகுது' என்கிறார்களே, அவர்களோடுதான் சண்டை.

மரண கானா எப்படி நடக்கும்? சாவுச் செய்தி தெருவில் வாய்வழியாகப் பரவும். பக்கத்துத் தெருப் பாடகர் நடந்தே வருவார். செத்தவர் எந்த வேலை பார்த்தார், யாரோடு சண்டை போட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதையே வரியாக்கிப் பாடுவார். அண்டை அயல் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை.

2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அனுப்பப்பட்டவர்களிடம் பறித்தது அந்த அண்டை அயலைத்தான். பெரும்பாக்கத்தில் நான் பழகும் ஒரு தம்பி சட்டி மேளம் அடிப்பவன். "அக்கா, எதிர்வீட்டுல செத்தவரு பேரே எனக்குத் தெரியாது, என்னத்த அடிக்கிறது?" என்றான். பல பேட்டைக்காரர்களை ஒரே எட்டு மாடிக் கட்டடத்தில் அடுக்கினால் வேறென்ன நடக்கும்?

லாகோஸிலும் இதே கதைதான். ரமலான் விடியலில் ஆட்களை எழுப்பப் பாடிய பாட்டிலிருந்து யொரூபா மக்களின் ஃபுஜி இசை வளர்ந்தது. அதுவும் தெருவில் பிறந்ததுதான். அதே நகரத்தில்தான் 1990 ஜூலையில் மரோக்கோ என்ற குடியிருப்பையே இடித்துத் தள்ளினார்கள். இன்று அந்தப் பக்கமெல்லாம் பணக்காரர்களின் வீடுகள்.

'ஊருக்குள் இடமில்லை' என்பது பொய். 2022 மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தார்கள். ஒருவர் தீக்குளித்துச் செத்த பிறகு, மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கமே வீடு தருவதாக அறிவிப்பு வந்தது. அந்த இடம் அதற்கு முந்தின நாள் எங்கே போயிருந்தது? சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஓர் உயிர் போன பிறகுதான் கண்ணில் பட்டதா?

கல்லூரி விழாவுக்குக் கானா பாடகரைக் கூப்பிடும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். அவர் முன்பு எந்தத் தெருவில் இருந்தார், அங்கே இப்போது என்ன நிற்கிறது என்று மேடையிலேயே கேளுங்கள். அவர் திரும்பிப்போக வண்டிக் காசையும் பட்ஜெட்டில் சேருங்கள். அந்த நேரத்தில் பெரும்பாக்கத்துக்கு பஸ் இருக்காது.