கடல் கடந்தோரும் கரை சேராதோரும்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரு வற்கடத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாடு சொல்லுந் தரத்ததன்று. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 19 இலக்கத்து 66 ஆயிரமாக இருந்த மக்கள் தொகை, 1881-இல் 16 இலக்கத்திற்குக் கீழிறங்கிற்று. அதற்கு ஐம்பதாண்டுகட்கு முன்பே இலங்கை மலைகளின் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பது தொடங்கிவிட்டது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகியவற்றோடு சேலமும் கங்காணிகட்கு ஆட்களை அள்ளிக் கொடுத்தது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. கடன் மட்டும் அழியவில்லை. தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921-இல்தான் ஒழிந்தது.

அம் மக்களின் வழியினரைத்தான் 1948-ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோராக்கியது. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்குத்தோபர் 30-இல் சிறிமாவோவும் இலால் பகதூர் சாத்திரியும் உடன்பாடு செய்தனர். ஒன்பதே முக்கால் இலக்கம் பேரில் ஐந்தேகால் இலக்கம் இந்தியாவுக்கு, மூன்று இலக்கம் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலக்கத்தை 1974-இல் பாதி பாதியாய்ப் பிரித்தனர். சந்தையில் மாட்டைப் பங்கிடுவோர்கூட அதன் பல்லைப் பார்ப்பர். இங்கே பங்கிடப்பட்டோரின் முகத்தையேனும் பார்த்தவர் யார்?

தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம் வழியாக மண்டபம் முகாமிற்கு வந்தோர் நாலரை இலக்கத்திற்கு மேற்பட்டோர். நீலமலையில் தமிழகத் தேயிலைத் தோட்டங்கள் ஒரு பகுதியினரை ஏற்றன. மற்றையோர்க்குத் தொழிற்கடன் என்று சிறுதொகை கொடுத்துச் சமவெளிக்கு அனுப்பினர். கொழுந்து கிள்ளிய கை நாமக்கல் கரம்பில் எதைக் கிள்ளும்? கடை வைத்தறியாதவன் வைத்த கடை எத்தனை நாள் நிற்கும்? பாட்டன் ஊரில் நிலமில்லை. உறவு மூன்று தலைமுறைக்கு முன்பே அறுந்தது. கடனைத் தின்று தீர்த்துக் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமைகளாய்ச் சிக்கியோர் பலர். நாமோ அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றழைத்தோம். தமிழனைத் தமிழன் அயலானாக்கிய இச் சொல்லுக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. சாதிப் பார்வையே போதுமானதாயிருந்தது.

பிற நாடுகளைப் பாருங்கள். இசுரேல் 1950-இலேயே உலகெங்குமுள்ள யூதர்க்குத் திரும்பிவரும் உரிமையைச் சட்டமாக்கியது. உருசியா 2006-இல், எல்லைக்கு வெளியே வாழும் தன் மக்களை அழைத்து வழிச்செலவும் குடியமர்வுத் தொகையும் விரைந்த குடியுரிமையும் தரத் திட்டமிட்டது. ஆள் குறைந்த தொலைப்புறங்களை நிரப்பும் கணக்கும் அதிலுண்டு. எல்லாம் அன்பென்று நாம் ஏமாற வேண்டா. ஆயினும் வருவோனுக்கு உரிமைத்தாள் முதலில் கிடைக்க வேண்டுமென்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இங்கு நிலை என்ன? 1984-இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் பல்லாயிரவர் அங்கேயே தேங்கினர். அங்கு எஞ்சியோர்க்கு இலங்கையே 2003-இல் குடியுரிமை வழங்கிவிட்டது. 1983-க்குப் பின் உயிர்தப்பிப் படகேறி வந்த மலையகத்தாரோ ஏதிலியராய்ப் பதியப்பட்டனர். கப்பலில் வந்திருந்தால் குடிமக்கள்! சேலத்துப் பவளத்தானூரிலும் நாமக்கல் பரமத்தியிலும் முகாம்கள் இன்றும் உள்ளன. 2021-இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தம் மூன்று நாட்டாரை ஏற்று, இலங்கைத் தமிழரை விட்டது. 2025-இல் பதிவுபெற்ற ஏதிலியர்க்குத் தண்டனை விலக்கு வந்தது, குடியுரிமை வரவில்லை.

2019 சூனில் உயர்நயன்மன்றத்தின் மதுரைக் கிளை, திருச்சி முகாமைச் சேர்ந்த மலையக வழியினர் 65 பேரின் வழக்கில், அவர்தம் விண்ணப்பங்களைக் கனிவுடன் ஆய்ந்து பதினாறு கிழமைக்குள் முடிவு செய்ய நடுவணரசைப் பணித்தது. அவ்வழியே இவ்விரு மாவட்ட ஆட்சியர்களும் முகாம்களிலுள்ள மலையகத்தாரின் தோட்டப் பதிவுகள், பிறப்புச் சீட்டுகள், 1964 உடன்பாட்டின்கீழ்க் கொடுத்த பழைய விண்ணப்பங்கள் ஆகியவற்றைத் திரட்டுதல் வேண்டும். அவற்றைத் தமிழக அரசு தன் பரிந்துரையோடு தில்லிக்கு அனுப்புதல் வேண்டும். தாள் தொலைந்தவர்க்கு, பாட்டன் ஊரின் பெயரை அவர் சொல்லும் வாய்மொழியே சான்றாகக் கொள்ளப்படுக.