மூணு பக்கமும் அளந்தீங்களா?

போன மாதம் என் மைத்துனன் பெரும்பாக்கம் பக்கம் ஒரு மனை பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். ரோடு திரும்புகிற இடத்தில் மிஞ்சிய முக்கோணத் துண்டு.

"ஒரு பக்கம் 60 அடி, இன்னொரு பக்கம் 40 அடி. பெருக்கிப் பாதி போட்டா 1,200 சதுர அடி. அடி 5,000 ரூபாய், மொத்தம் 60 லட்சம்னு புரோக்கர் சொல்றார் அத்தான்."

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் மொபைலிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "ரெண்டு பக்கமும் சேர்ற மூலை சரியா 90 டிகிரியா மாமா?"

அவன் விழித்தான். கொத்தனாரின் மூலைமட்டம் ஒட்டி உட்காருகிற மூலையாக இருந்தால்தான் 'பெருக்கிப் பாதி' செல்லும். இந்த மனையின் மூலையோ கூம்பி இருந்ததாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு பக்கங்களின் நீளம் மாறாமல் இருந்தால், மூலை செங்கோணமாக இருக்கும்போதுதான் பரப்பு மிக அதிகம். மூலை கூம்பினாலும் குறையும், விரிந்தாலும் குறையும். ஆக, அந்தக் குறுக்குவழி தப்பினால் லாபம் எப்போதும் விற்பவருக்குத்தான்!

"மூணாவது பக்கத்தை அளந்தீங்களா?" என்றாள். மறுநாள் டேப்போடு போய் அளந்து போன் செய்தான். 50 அடி.

பள்ளியில் கொசைன் விதி என்று படித்திருப்பீர்கள். 60-இன் வர்க்கம் 3,600, 40-இன் வர்க்கம் 1,600. இரண்டையும் கூட்டி, 50-இன் வர்க்கமான 2,500-ஐக் கழித்தால் 2,700. அதை 60, 40 இரண்டின் பெருக்கலைப் போல இரு மடங்கான 4,800-ஆல் வகுத்தால் 0.5625. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று கேட்டால் மொபைல் கால்குலேட்டர் 56 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். அதன் சைன் 0.8268. புரோக்கரின் 1,200-ஐ இதனால் பெருக்குங்கள். 992 சதுர அடி!

208 சதுர அடி குறைவு. கிட்டத்தட்ட அரை சென்ட். பணமாகச் சொன்னால் 10 லட்சத்து 40 ஆயிரம்.

(கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பவர்கள், அது 'டிகிரி'யில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சைன் 30 என்று போட்டால் 0.5 வர வேண்டும். மைனஸில் ஏதாவது வந்தால் 'ரேடியன்' கணக்கில் நிற்கிறது. நானே அரை மணி நேரம் இதில் ஏமாந்தேன்.)

"மூணாவது பக்கம் ஏரிக்குள்ள போயிருந்தா?" என்று கேட்டேன். அதற்கு சைன் விதி. ஒரு பக்கமும் அதன் இரு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால் போதும். மூன்று கோணங்களின் கூடுதல் 180 என்பதால் மூன்றாவது கோணம் தானே கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் அதற்கு எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே எண்தான் வரும் என்பதால், மற்ற இரண்டு பக்கங்களையும் கால் வைக்காமலே கண்டுபிடித்துவிடலாம்.

இதை வைத்து ஒரு நாட்டையே அளந்த கதை அதே பெரும்பாக்கம் பக்கம்தான் தொடங்கியது. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை, சுமார் 12 கிலோமீட்டரை, 100 அடி எஃகுச் சங்கிலியால் வெயிலில் அங்குலம் அங்குலமாக அளந்தார். அந்த ஒரு கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். உதாரணத்துக்குக் கோணங்கள் 50, 60 டிகிரி என்றால் மற்ற பக்கங்கள் 9.78, 11.06 கிலோமீட்டர். அவற்றின் மீது அடுத்த முக்கோணம், அதன் மீது அடுத்தது. ஆறு, காடு எதிலும் சங்கிலி இழுக்க வேண்டாம். செங்கோணமும் தேவையில்லை.

கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து கையாலேயே அதைச் சரிசெய்தார். 1823-இல் அவர் இறந்த பிறகும் முக்கோணங்கள் வடக்கே ஏறிக்கொண்டே போயின. 1856-இல் எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தது இந்த சர்வேதான்.

மனைக்கு வருவோம். மைத்துனன் சர்வேயரைக் கூட்டிப்போய் அளந்தான். 992-தான். புரோக்கர் கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தனை வருஷமா இப்படித்தான் சார் போட்டுட்டிருக்கேன்" என்றாராம். விலை இன்னும் படியவில்லை.