இடமா, வலமா?

அஞ்சறைப் பெட்டியில் கடுகு எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்று நம் மனைவியைக் கேட்டால் சட்டென்று பதில் வராது. ஆனால் எண்ணெய் காய்ந்ததும் அவர் கை தானாகவே அந்தக் கிண்ணத்துக்குப் போய்விடும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு நாள், உதவி செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டு, நாம் அந்தப் பெட்டியைக் கழுவித் துடைத்து, நமக்கு அழகாய்த் தோன்றிய ஒழுங்கில் கிண்ணங்களை வைத்தோம். அன்று ரசத்தில் கடுகுக்குப் பதிலாக வெந்தயம் தாளிக்கப்பட்டது. "இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம்" என்று நமக்கு உத்தரவும் பிறந்தது.

கம்ப்யூட்டர் உலகத்தில் இந்த வெந்தய ரசம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தயாராகிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாய் எண்ணம். ஒரு மாணவியின் கேள்வி அதற்குக் காரணமாயிற்று.

பெரம்பலூர்ப் பக்கத்தில் நாம் வேலை பார்க்கும் பள்ளியின் இயந்திரங்களில் உபுண்டு என்னும் லினக்ஸ் இருக்கிறது. 2018-ஆம் வருஷத்தில் வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணினிப் புத்தகத்திலும் உபுண்டுவைப் பற்றிப் பாடம் உண்டு. ஒரு நாள் அந்தப் பெண் புத்தகத்தைத் திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், படத்தில் இடது பட்டையின் உச்சியிலே தேடுகிற சின்னம் இருக்கிறது. இங்கே அந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கிறதே! பரீட்சையில் எதை எழுதுவது?" என்று கேட்டாள்.

"புத்தகத்தில் இருப்பதை எழுது" என்று சொல்லிவிட்டோம். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டுப் படத்தில் இருப்பதை எழுது என்று சொல்வதற்கா ஓர் உபாத்தியாயர்? ஆனால் மார்க் போய்விட்டால் என்ன செய்வது? மக்காச்சோளம் விளைவிக்கும் குடும்பம் அவளுடையது; வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வாரத்தில் இரண்டு மணி நேரம் பள்ளியில் கிடைக்கிறதே, அதுதான் அவளுக்கு முழுச் சொத்து.

இதில் புத்தகத்தின் மேலும் குற்றமில்லை, திரையின் மேலும் குற்றமில்லை. விஷயம் இதுதான். லினக்ஸ் என்பது உள்ளே இருந்து வேலை செய்யும் மூலம். நாம் கண்ணால் பார்ப்பதும் கையால் தொடுவதும் அதன் மேல் வைத்த முகப்பு. டெஸ்க்டாப் என்பது அதற்குப் பெயர். ஒரே லினக்ஸுக்குப் பல முகப்புகள் உண்டு. அவற்றில் பிரபலமான க்னோம் என்பதை 1997-இல் மெக்ஸிகோ தேசத்து வாலிபர் இருவர் தொடங்கினார்கள். உபுண்டுக்காரர்கள் 2011 முதல் யூனிட்டி என்ற சொந்த முகப்பை வைத்துக்கொண்டார்கள். புத்தகத்தில் இருப்பது அதன் படம். 2017 ஏப்ரலில் உபுண்டுவின் தலைவர் மார்க் ஷட்டில்வர்த் யூனிட்டியைக் கைவிடுவதாக அறிவித்தார். அந்த வருஷம் அக்டோபரிலேயே க்னோம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆகவே புத்தகம் அச்சேறிய சமயத்தில், படத்திலிருந்த வீடு ஏற்கெனவே காலி!

எங்கள் ஜில்லாவாசிகளுக்கு இது அவ்வளவு புதிதன்று. 2001-இல் அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 2002-இல் மறுபடி சேர்த்தார்கள். 2007-இல் திரும்பவும் பிரித்தார்கள். பலகை எழுதுகிறவர்களுக்கு நல்ல காலம். மற்றவர்கள் கடிதத்தில் விலாசம் எழுதும்போதெல்லாம் ஒரு கணம் யோசித்தார்கள்.

நிற்க. முகப்பை மாற்றும்போது உபயோகிப்பவர்கள் என்ன சொன்னார்கள் என்பதல்லவா கேள்வி? நிறையச் சொன்னார்கள். 2011 ஏப்ரலில் க்னோமின் மூன்றாம் பதிப்பு வந்தபோது நடந்த கூச்சல் கொஞ்சநஞ்சமன்று. கீழே இருந்த பட்டை போயிற்று. ஜன்னலைச் சுருக்கும் பொத்தான் போயிற்று. இயந்திரத்தை அணைக்கும் கட்டளையைக்கூட மறைத்துவிட்டார்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டால்தான் அது தரிசனம் தரும்! தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே மின்சாரம் மணிக்கணக்கில் நின்றுபோன வருஷங்கள் அவை. யு.பி.எஸ். கூவிக்கொண்டிருக்க, அணைக்கும் வழியைத் தேடுகிறவருடைய மன நிலையை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். லினக்ஸின் பிதாவான லினஸ் டோர்வால்ட்ஸே கோபித்துக்கொண்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு முகப்புக்குக் குடிபோனார். 2013-இல் திரும்பி வந்தார் என்பது வேறு கதை.

கோபித்துக்கொண்ட எல்லாரும் புலம்பலோடு நிற்கவில்லை. இந்த மென்பொருளின் மூலம் யாவருக்கும் பொதுவாகையால், பழைய க்னோமை எடுத்து ஒருவர் அர்ஜென்டினாவில் புதிதாய் வளர்க்கலானார். அவர்கள் ஊர்ப் பானமாகிய மாத்தேயின் பெயரையே அதற்கு வைத்தார். லினக்ஸ் மின்ட் கூட்டத்தார் சின்னமன் என்று இன்னொன்றைச் செய்தார்கள். நம் சமையலறைப் பட்டைதான் அது. குறை சொன்னதற்கும் பலன் இருந்தது. அணைக்கும் கட்டளை 2012-இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2013-இல் பழைய அமைப்பை விரும்புகிறவர்களுக்கென்று ஒரு தனிக் கோலமும் கொடுத்தார்கள்.

உபுண்டுவின் கதை வேறு விதம். 2010-இல் ஜன்னலை மூடும் பொத்தானை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆட்சேபம் கிளம்பிற்று. ஷட்டில்வர்த் ஒளிக்காமல் பதில் சொன்னார்: இது ஜனநாயகம் அன்று, யோசனைகளை வரவேற்போம், ஆனால் வடிவத்துக்கு ஓட்டெடுப்பு கிடையாது என்று. ஓட்டெடுத்துக் கட்டிய வீட்டில் பத்து வாசல் இருக்கும். ஆகையால் அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் 2017-இல் பொத்தான் மறுபடியும் வலப்பக்கம் வந்துவிட்டது. ஏழு வருஷம் இடப்பக்கம் பழகிய கைகளின் கதி என்ன என்று யாரைக் கேட்பது?

அரியலூரில் நம் கலாசாலைத் தோழர் ஒருவர் உபாத்தியாயராய் இருக்கிறார். சென்ற விடுமுறையில் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். சிமென்ட் லாரிகள் கிளப்பிய புழுதியைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் இந்தப் பேச்சு வந்தது. அவர் தம் பள்ளி இயந்திரங்களில் மாத்தேயைப் போட்டுவிட்டாராம்.

"பழைய இயந்திரங்கள், அவற்றுக்கு அது பாரமில்லை. அதுவும் தவிர, பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மணி. அதில் ஒரு மணி பொத்தானைத் தேடுவதிலே போனால் பாடத்தை எப்போது படிப்பது?" என்றார்.

"நாளைக்குத் திருச்சியில் காலேஜுக்குப் போனால் புதியதைப் பார்த்து விழிக்க மாட்டார்களா?" என்றோம்.

"அங்கே இன்னும் புதியது வந்திருக்கும். எப்படியும் விழிக்கத்தான் போகிறார்கள்! இங்கேயாவது நிம்மதியாக இருக்கட்டும் ஐயா" என்றார்.

நமக்கு அது சம்மதமில்லை. அவருக்கு நம் கட்சி சம்மதமில்லை. இரண்டு தரம் காப்பி வந்தும் வழக்கு தீரவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனோம். க்னோம் மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் சில சொற்றொடர்கள் மாறும், சில புதிதாய் வரும். அவற்றைத் தமிழாக்குகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்; வீட்டு வேலையெல்லாம் முடித்து இரவில் செய்கிறவர்கள். அவர்கள் கை எட்டாத சொல் திரையில் இங்கிலீஷிலேயே நிற்கும். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ் என்று திரை தோன்றினால் தமிழில் படிக்கும் பிள்ளை எங்கே போகும்? பொத்தான் இடமா, வலமா என்று உலகமெல்லாம் சண்டை போட்டார்கள். இந்தப் பிள்ளையின் குறையைச் சொல்ல ஒருவரும் கிளம்பவில்லை. குறை எழுதுவதற்கும் இங்கிலீஷ் வேண்டியிருக்கிறது அல்லவா? "நம் பள்ளிகளிலே எத்தனை தமிழ் ஆசிரியர்கள்! ஆளுக்கு இருபது சொற்றொடர் எடுத்துக்கொண்டால் என்ன?" என்று நண்பர் கேட்டார். அந்த வாரமே நாம் இருபது எடுத்துக்கொண்டோம். பதினோராவதில் மூன்று நாளாய் நிற்கிறோம்.

பெரம்பலூருக்குத் திரும்பியபின் அந்த மாணவியே ஒரு நாள் நம்மிடம் வந்தாள். விசைப் பலகையின் கீழ் வரிசையில் ஜன்னல் முத்திரை போட்ட விசை ஒன்று உண்டு. லினக்ஸுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கம்பெனியின் முத்திரை அது. அதை அழுத்திவிட்டு வேண்டியதன் பெயரை அடித்தால் போதும், தேடுகிற சின்னம் எங்கே என்று பார்க்க வேண்டியதே இல்லை என்று செய்து காட்டினாள். பழைய யூனிட்டி இருந்த ஓர் இயந்திரம் மூலையில் கிடந்தது. அதிலும் அழுத்திப் பார்த்தாளாம். அங்கேயும் அப்படியே திறந்ததாம்.

"சார், பரீட்சையில் இதை எழுதினால் மார்க் உண்டா?" என்று கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.